மண்பானை பெயின்டிங் கிட்: பெட்டியில் இருப்பதும் இல்லாததும்

ஆன்லைனில் 'பாட் பெயின்டிங் கிட்' என்று தேடினால் வருகிற பெட்டிகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. கைக்கு அடக்கமான இரண்டு மூன்று மண் கலயம், 5 மி.லி. அளவில் ஆறு வண்ணம், இரண்டு பிரஷ், வண்ணம் குழைக்க ஒரு பிளாஸ்டிக் தட்டு. கொஞ்சம் விலை கூடிய பெட்டியில் விரல் நீளத்துக்கு ஒரு வார்னிஷ் புட்டியும் வரும். அட்டைப்பெட்டியின் மேல் மயிலும், வட்ட வட்டமாக விரியும் மண்டலா டிசைனுமாகப் படம் போட்டிருக்கும். உள்ளே இருப்பதை வைத்து அந்த மயிலைப் போட முடியாது.

எட்டு வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு, அல்லது கோடை விடுமுறையில் ஒரு மதியத்தை ஓட்ட ஒரு வேலை என்றால் கிட் வாங்கலாம், தப்பில்லை. கொலுவுக்கோ கூடத்துக்கோ வைக்கிற மாதிரி பானை தீட்டிப் பழகவேண்டும் என்பவர்கள் அதே பணத்தைத் தனித்தனிப் பொருளாகச் செலவழிப்பதுதான் நல்லது. தீட்டிய பானை உரியாமல் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: நன்றாக வெந்த பானை, அடிப்பூச்சு, மேல்பூச்சு. கிட்டில் காசு போவதோ வண்ணங்களின் எண்ணிக்கைக்கு.

கணக்குப் போட்டாலே இது புரியும். 8 செ.மீ. விட்டமுள்ள உருண்டைக் கலயத்தின் வெளிப்பரப்பு சுமார் 200 சதுர செ.மீ. அடிப்பூச்சு கொடுத்த பரப்பில் அக்ரிலிக் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 2.5 மி.லி. பிடிக்கும். வெள்ளைப் பின்னணி வேண்டுமென்றால் இரண்டு கோட்டு, அதாவது 5 மி.லி. கிட்டில் உள்ள மொத்த வெள்ளையும் ஒரே கலயத்தில் தீர்ந்துபோகும். அடிப்பூச்சு இல்லாத வெறும் பானை என்றால் முதல் கோட்டை மண்ணே குடித்துவிடும். வெள்ளை பாதியிலேயே காலி. 15 செ.மீ. விட்டமுள்ள நடுத்தரப் பானைக்கு வந்தால் பரப்பு 700 சதுர செ.மீ.; ஒரு கோட்டுக்கே 9 மி.லி. ஆக, பின்னணிக்குச் சின்னப் புட்டி எந்த நாளும் கட்டாது. பின்னணிக்கு ஒரு பெயின்ட், வரைவதற்கு வேறொன்று என்று பிரித்து வாங்கவேண்டும்.

பானை வாங்கும்போது

கிட்டில் வரும் கலயங்கள் பல அச்சில் ஊற்றிச் செய்தவை. சுவர் மெல்லிசாக, பரப்பு வழவழவென்று இருக்கும். தீட்ட வசதிதான். ஆனால் அனுப்பும்போது விளிம்பு சில்லுப்போவதும், மயிரிழை விரிசல் விடுவதும் சகஜம். பானையைச் சந்தையிலோ பானை செய்யும் வேளாரிடமோ நேரில் தட்டிப் பார்த்து வாங்குவதே நல்லது. விரல் முட்டியால் தட்டினால் 'கணீர்' என்று கேட்கவேண்டும். 'தொப்' என்றால் சரியாக வேகவில்லை, அல்லது எங்கோ கீறல் இருக்கிறது. விளிம்பை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். தூளாக உதிர்ந்தால் அந்தப் பானையை வைத்துவிடுங்கள். வேகாத மண்ணின் மேல் எந்தப் பெயின்ட்டும் நிற்காது. உரியும்போது பெயின்ட் மட்டும் வராது, மண்ணையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும்.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற மானாமதுரைப் பானைகள் நன்றாக வெந்தவை, ஒலியும் அப்படித்தான் இருக்கும். அந்த ஊர்க் கடம் கச்சேரி மேடை ஏறுவது சும்மா இல்லை. ஆனால் பழகுவதற்கு அவ்வளவு நல்ல பானை தேவையில்லை. அகன்ற வயிறும் குட்டைக் கழுத்தும் உள்ள சாதாரணப் பானை போதும். முதல் பானைக்குக் குறுகிய கழுத்துள்ள கூஜா வடிவத்தை எடுக்காதீர்கள். கழுத்து வயிற்றோடு சேரும் வளைவில் பிரஷ் படுக்காது, கோடு பிசிறும். அதேபோல் வெளியே கோடு கோடாக வரி போட்டு வரும் பானைகளும் வேண்டாம். பார்க்க அழகு, தீட்ட அவஸ்தை.

வாங்கி வந்த பானையைக் கழுவிவிட்டு அடுத்த மணி நேரமே தீட்டுவது பலர் செய்யும் முதல் பிழை. மண் சுவருக்குள் போன தண்ணீர் வெளியே வர நேரம் பிடிக்கும். வெயில் காலத்தில் ஒரு முழு நாள், ஐப்பசி கார்த்திகை மழையில் மூன்று நாள் காயவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு: உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தாளைப் பானையின் வயிற்றில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் தாளின் உட்புறம் நீர் பூத்திருந்தால் இன்னொரு நாள் பொறுக்கவேண்டும்.

சில பானைகளில், முக்கியமாகப் பழைய பூந்தொட்டிகளில், வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள உப்பு அது. பெயின்ட்டுக்கு அடியில் அது மறுபடி பூக்கும்போது பெயின்ட்டைக் கொப்புளமாகத் தள்ளிவிடும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி மண்ணுக்குள்ளேயே போகும். காய்ந்த நிலையில் தேய்ப்புப் பிரஷ்ஷால் உதிர்த்துவிட்டு, துணியால் துடைத்துவிட்டு, ஒரு வாரம் பாருங்கள். திரும்பப் பூத்தால் அந்தத் தொட்டியைத் தீட்டாமல் செடிக்கே விட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

பிறகு 120-ஆம் நம்பர் உப்புத்தாளால் லேசாக ஒரு தேய்ப்பு, அதன்மேல் 220-ஆல் ஒரு தேய்ப்பு. பானையைச் சுற்றி, ஒரே திசையில். தேய்த்த தூசியை ஈரம் பிழிந்த துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் ஆறவிடவேண்டும். தூசி மேல் அடிக்கும் பிரைமர், அதாவது அடிப்பூச்சு, தூசியோடுதான் ஒட்டும், பானையோடு அல்ல.

அடிப்பூச்சு: கிட்டில் இல்லாத முக்கியமான பொருள்

ஹார்டுவேர் கடையில் சுவருக்கு விற்கிற தண்ணீர் கலக்கும் வெள்ளை பிரைமர்தான் இதில் நம் முதல் தேர்வு. ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் ஜெஸ்ஸோ இதைவிட வழவழப்பாக உட்காரும். ஆனால் விலை பல மடங்கு. பானைக்கு ஜெஸ்ஸோ ஆடம்பரம். 1 லிட்டர் பிரைமர் டப்பா ஒன்று நடுத்தரப் பானை முப்பது நாற்பதுக்குக் காணும். அவ்வளவு வேண்டாம் என்றால் பக்கத்தில் பெயின்ட் வேலை நடக்கிற வீட்டில் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

முதல் கோட்டு நீர்க்க இருக்கவேண்டும்: இரண்டு பங்கு பிரைமருக்கு ஒரு பங்கு தண்ணீர். கெட்டியாக அடித்தால் மேலாக நின்றுவிடும், மண்ணின் துளைகளுக்குள் இறங்காது. இரண்டாவது கோட்டைத் தோசைமாவுப் பதத்துக்குக் கெட்டியாக அடிக்கலாம். இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம். இரண்டாவது காய்ந்ததும் 220 உப்புத்தாளால் பிரஷ் தடம் மறையும்வரை ஒரு லேசான தேய்ப்பு. இந்தத் தேய்ப்பைத் தவிர்த்தவர்களின் பானையில்தான் வெளிச்சம் சாய்வாக விழும்போது கோடு கோடாகத் தெரியும்.

வீடியோக்களில் எல்லோரும் சொல்வது ஃபெவிகாலும் தண்ணீரும் சரிபாதி. மலிவு, வீட்டிலேயே இருக்கும், அலமாரியில் வைக்கிற பானைக்குத் தாராளமாகச் செய்யலாம். ஆனால் சாதாரண வெள்ளைப் பசை ஈரம் பட்டால் மறுபடி இளகும் தன்மையுள்ளது. பூந்தொட்டி, வாசலில் மழைச்சாரல் படும் பானை, உள்ளே தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிடும் உருளி ஆகியவற்றுக்கு அது ஆகாது. பசையின் மேல் உள்ள வண்ணம் முழுசாகப் பாம்புச் சட்டை போலக் கழன்று வரும். ரெட் ஆக்சைடு இரும்புக்கான எண்ணெய் பிரைமர். நிறம் மண்ணுக்குப் பொருந்துகிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். எண்ணெய்ப் பூச்சின் மேல் தண்ணீர்ப் பெயின்ட் சரியாகப் பற்றாது.

மண் நிறமே பின்னணியாக இருக்கட்டும் என்றால் வெள்ளை பிரைமர் வேண்டாம். தண்ணீர் கலக்கும் நிறமில்லாத அக்ரிலிக் வார்னிஷில் கால் பங்கு தண்ணீர் விட்டு ஒரு கோட்டு அடித்தால் துளைகள் மூடிக்கொள்ளும், நிறம் கொஞ்சம் ஆழமாகும். அவ்வளவுதான் வேலை. தொடங்குகிறவர்களுக்கு இதைவிட எளிதான பின்னணி கிடையாது.

வண்ணம்: எதற்கு எது

நம் ஊர் ஸ்டேஷனரி கடைகளில் எளிதாகக் கிடைப்பவை இரண்டு. பிடிலைட்டின் ஃபெவிகிரில், கோகுயோ கேம்லினின் கேமல். ஃபெவிகிரில் அக்ரிலிக் 15 மி.லி. புட்டியில் வரும், துணிக்கும் போடலாம், மண், மரம் ஆகியவற்றிலும் போடலாம். அப்படியே தொட்டு அடிக்கிற பதம், தண்ணீர் சேர்க்கத் தேவையில்லை. புள்ளி வைப்பதற்கும் பட்டை அடிப்பதற்கும் இதுவே வசதி. கேமலின் ஆர்ட்டிஸ்ட் அக்ரிலிக் ட்யூபில் வருவது, கெட்டி. நிறம் குழைத்து இதழ் இதழாக, பிரஷ் தடம் தெரியப் பூ வரைகிறவர்களுக்கு அது பிடிக்கும். புதியவர்கள் அதை அப்படியே அடித்தால் மேடு பள்ளமாக நிற்கும், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்த்துத் தளர்த்தவேண்டும். நான்கில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் போனால் பிடிப்புத் தளர்ந்து, காய்ந்தபின் விரலில் பொடியாக வரும்.

பின்னணிக்கு இந்த இரண்டுமே வேண்டாம். வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வெள்ளை எமல்ஷன் போதும். மிச்சம் கிடக்கும் டப்பாவே பல பானைக்கு வரும். நிறம் வேண்டுமானால் அதே கடையில் சின்னப் புட்டியில் ஸ்டெய்னர் கிடைக்கும். சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குங்கள். ஸ்டெய்னரில் நிறம் மட்டும்தான், பிடிப்புப் பசை கிடையாது. அடர்ந்த நீலம் வேண்டும் என்று அள்ளி ஊற்றினால் அந்தப் பெயின்ட் காயவே காயாது. அடர் நிறப் பின்னணிக்குக் கடையில் நிறம் கலந்தே தரும் எமல்ஷனைக் கேட்டு வாங்குவது சரி.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு மூன்றும் மூடும் சக்தி குறைந்தவை. மண் மேல் நேராக அடித்தால் எத்தனை கோட்டு போட்டாலும் அழுக்கு மஞ்சள்தான். கீழே வெள்ளை இருக்கவேண்டும். பொன் நிறத்துக்கு நேர்மாறு: அது கருப்பு அல்லது அரக்கின் மேல்தான் பொன்னாகத் தெரியும், வெள்ளை மேல் அடித்தால் வெளிறிய பழுப்பு. ஆறு நிறப் பெட்டிக்குப் பதில் கருப்பு, வெள்ளை, அரக்கு, மஞ்சள், பொன் என்று ஐந்து புட்டி தனியாக எடுத்தால் கிட்டத்தட்ட எல்லா டிசைனும் போட்டுவிடலாம்.

பிள்ளைகளின் பள்ளிப் பையில் இருக்கும் போஸ்டர் கலர் காய்ந்தபின்னும் தண்ணீரில் கரையும். தீட்டும்போது ஒன்றும் தெரியாது. மேலே பிரஷ்ஷால் வார்னிஷ் அடிக்கும்போதுதான் மயில் முழுவதும் நீலக் குழம்பாகும். மலிவான கிட்டுகளில் லேபிள் இல்லாத டப்பாக்களில் வருவது எந்த வகை என்று சோதித்துவிடுங்கள்: ஒரு தாளில் தடவி, மறுநாள் ஈர விரலால் தேயுங்கள். நிறம் விரலில் வந்தால் அது அக்ரிலிக் அல்ல.

எண்ணெய் வகையான எனாமல் பெயின்ட் பளபளக்கும், மழைக்கும் தாங்கும், ஆனால் காய ஒரு நாள் ஆகும், டர்பன்டைன் வாடை வீடு முழுக்க நிற்கும். ஒரே நிறத்தில் பெரிய தொட்டிக்குச் சரி. வரைவதற்கு அல்ல.

பிரஷ் விஷயத்தில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. ஒரு அங்குலத் தட்டைப் பிரஷ் ஒன்று, நைலான் மயிரில் 2-ஆம் நம்பரும் 0-ஆம் நம்பரும் உருண்டை பிரஷ் ஒவ்வொன்று. கிட்டில் வருகிற பிரஷ்கள் இரண்டாவது பானையில் மயிர் உதிர்க்கும். அக்ரிலிக் பிரஷ்ஷிலேயே காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது, அதனால் வேலை நடுவில் எழுந்து போனாலும் பிரஷ்ஷை நீரில் அலசிவிட்டுப் போகவேண்டும். நீருக்குள் நுனி குத்தி நிற்கிற மாதிரி விட்டுவிட்டால் நுனி கோணிக்கொள்ளும்.

தொடங்க ஏற்ற டிசைன்கள்

கிட் அட்டைகளில் பீகாரின் மதுபனி ஓவியமும் மயிலும் போடுகிறார்கள். இரண்டும் கோடு பழகிய கைக்கு. தொடக்கத்தில் கை நடுங்கினாலும் தெரியாத டிசைன்களாக எடுங்கள்.

முதலாவது, பட்டைகள். பானையைக் கவிழ்த்து, சுழலும் எதன்மேலாவது வையுங்கள். கேக் அலங்கரிக்கிற சுழல்தட்டு இருந்தால் சிறப்பு. இல்லையென்றால் ஒரு எவர்சில்வர் தட்டில் நாலு சொட்டு எண்ணெய் விட்டு அதன்மேல் இன்னொரு தட்டு, அதன்மேல் பானை. பிரஷ் பிடித்த கையை மேசையில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் பானையைச் சுற்றவேண்டும். நகர்வது பானைதான், பிரஷ் அல்ல. ஒரு சுற்றுக்கு வேண்டிய பெயின்ட் பிரஷ்ஷில் இருக்கவேண்டும். பாதியில் தொட்டு மறுபடி தொடங்கினால் சேரும் இடம் தடிக்கும். மாஸ்க்கிங் டேப் ஒட்டிப் பட்டை அடிப்பவர்கள் டேப்பின் ஓரத்தில் முதலில் பின்னணி நிறத்தையே ஒரு மெல்லிய கோட்டு கொடுத்துக் காயவிட்டு, பிறகு புது நிறத்தை அடியுங்கள். ஓரத்தில் கசிவதற்கு இருந்த இடுக்கைப் பின்னணி நிறமே அடைத்துவிடும், கோடு கத்தி வெட்டாக வரும். டேப்பை முழுதாகக் காய்வதற்கு முன், சாய்வாக இழுத்து உரிக்கவேண்டும்.

அடுத்தது புள்ளி. பென்சில் பின்புறம், காது குடையும் பஞ்சுக் குச்சி, தலை உருண்டையான குண்டூசி என்று மூன்று அளவு போதும். ஒரே அளவுப் புள்ளி வேண்டுமா, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முறை பெயின்ட் தொடவேண்டும். ஒரு தொடலில் நான்கைந்து புள்ளி வைத்தால் அவை தாமாகவே சிறுத்துக்கொண்டு போகும். மண்டலாவின் வால்போன்ற வளைவுகள் எல்லாம் அப்படித்தான் போடப்படுகின்றன. குச்சியை நேராக இறக்கி நேராக எடுக்கவேண்டும். சாய்த்தால் புள்ளிக்கு வால் முளைக்கும். வால் முளைத்த புள்ளியை உடனே தொடாதீர்கள். காய்ந்தபின் பின்னணி நிறத்தால் வாலை மட்டும் மூடிவிடலாம்.

இந்தப் புள்ளிகளைப் பானையைச் சுற்றிச் சம இடைவெளியில் வைப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கண்ணால் அளந்து போட்டுக்கொண்டே வந்தால் கடைசி இடைவெளியில் ஒன்று ஒன்றரைப் புள்ளிக்கு இடம் மிஞ்சும். ஸ்கேல் வைத்து வளைவை அளக்க முடியாது. நியூஸ்பேப்பரில் ஒரு விரல் அகலப் பட்டை கிழித்துப் பானையின் வயிற்றைச் சுற்றிப் பிடித்து, முனை முட்டும் இடத்தில் வெட்டுங்கள். பட்டையைப் பாதியாக மடித்து, மறுபடி பாதி, மறுபடி பாதி. பிரித்தால் எட்டுப் பங்கு. இன்னொரு மடிப்புக்குப் பதினாறு. பட்டையைத் திரும்பப் பானையில் சுற்றி ஒட்டி, மடிப்பு மடிப்புக்கு ஒரு குறி. குறி பென்சிலால் வேண்டாம், சாக்பீஸால் போடுங்கள். பென்சில் கரி வெளிர் நிறத்துக்கு மேல் தெரியும், வார்னிஷில் இழுபடும். சாக்பீஸை வண்ணம் காய்ந்தபின் ஈரத்துணியால் ஒரு துடைப்பில் எடுத்துவிடலாம். கழுத்துப் பக்கம் சுற்றளவு குறைந்தாலும் அதே எட்டுப் பங்குதான், எண்ணிக்கையை மாற்றக்கூடாது. புள்ளியின் அளவைத்தான் மாற்றவேண்டும். கழுத்தில் குண்டூசிப் புள்ளி, தோளில் பஞ்சுக் குச்சி, வயிற்றில் பென்சில் பின்புறம் என்று வந்தால் பானையின் வளைவோடு டிசைனும் விரியும்.

வாசலில் கோலம் போட்டுப் பழகிய கைக்கு இதில் பாதி வேலை தெரிந்ததுதான். வயிற்றைச் சுற்றிப் பதினாறு நெடுக்கு, மூன்று வரிசை நேர்ப்புள்ளி வைத்து, சிக்குக் கோட்டை ஓடவிட்டால் பானையைச் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். மெல்லிய வெள்ளைக் கோட்டுக்குப் பிரஷ்ஷைவிட அவுட்லைனர் ட்யூபோ, கெட்டி அக்ரிலிக் நிரப்பிய மருதாணிக் கோனோ கைக்கு அடங்கும். முதல் அழுத்தத்தில் காற்றுக் குமிழி 'புஸ்' என்று தெறிக்கும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் இரண்டு அங்குலம் இழுத்துவிட்டுப் பானைக்கு வாருங்கள். இந்தக் கோடு தடித்து நிற்பதால் உள்ளே காய அரை நாள் ஆகும். மேலே உலர்ந்த தோல் கட்டியதைப் பார்த்துக் கையால் தொட்டால் நசுங்கிவிடும். ஒரு பக்கம் போட்டு, காயவிட்டு, மறுபக்கம்.

எல்லாவற்றிலும் குறைந்த செலவு, கூடுதல் பலன் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் அது வார்லி. மகாராஷ்டிரத்தின் பால்கர், தாணே பக்கத்து வார்லிப் பழங்குடியினர் செம்மண் பூசிய சுவரில் அரிசிமாவுக் கரைசலால் வரைவது. நுனி மென்ற மூங்கில் குச்சிதான் பிரஷ். அந்தக் கலையைச் சுவரிலிருந்து காகிதத்துக்கும் துணிக்கும் கொண்டுவந்த ஜிவ்யா சோமா மாஷேவுக்கு 2011-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நமக்கு மண்பானையின் நிறமே செம்மண் சுவர். வெள்ளை ஒரு புட்டி, 0-ஆம் நம்பர் பிரஷ் ஒன்று, வேறொன்றும் வேண்டாம். மேல் முக்கோணம் தலைகீழாக, கீழ் முக்கோணம் நேராக, இரண்டின் முனையும் இடுப்பில் தொட்டால் ஆள். மேல் முக்கோணத்தின் இரு முனையிலிருந்து கைகள், கீழே கால்கள், மேலே ஒரு புள்ளி தலை. கைகளும் கால்களும் மடங்கும் இடத்தைக் காட்டாமல் குச்சியாக விட்டால் உருவம் மரக்கட்டையாகிவிடும். முழங்காலில் ஒரு சின்ன முறிவு கொடுத்தால் ஆடத் தொடங்கும். பானையில் வட்டமாக ஆட்கள் கைகோத்து ஆடும் வரிசையைப் போடும்போது கால்கள் தொடும் தரைக்கோட்டை முதலில் சாக்பீஸால் இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் வரிசை மெல்ல மேலேறிக் கடைசி ஆள் முதல் ஆளின் தோள் மேல் நிற்பார்.

அக்ரிலிக் மார்க்கர் பேனா பற்றிக் கேட்பவர்கள் அதிகம். பிரைமர் அடித்துத் தேய்த்த பரப்பில் நன்றாக ஓடும். வெறும் மண்ணில் ஓட்டினால் நுனி சீக்கிரமே பிசிறிப்போகும். அந்த விலைக்கு அது கட்டாது.

வார்னிஷ்

தீட்டி முடித்ததும் 24 மணி நேரம் காத்திருக்கவேண்டும். அக்ரிலிக் அரை மணியில் காய்ந்ததுபோல் இருக்கும், உள் ஈரம் போயிருக்காது. அவசரமாக மூடினால் வார்னிஷுக்கு அடியில் பால் படிந்ததுபோல் மங்கல் நிற்கும்.

தண்ணீர் கலக்கும் அக்ரிலிக் வார்னிஷ்தான் முதல் சிபாரிசு. இரண்டு மெல்லிய கோட்டு, நடுவில் மூன்று நான்கு மணி நேரம். பிரஷ்ஷை முன்னும் பின்னும் தேய்த்தால் நுரைக்குமிழி அப்படியே காய்ந்துவிடும். ஒரே திசையில் இழுத்து விடவேண்டும். மரச்சாமானுக்கு அடிக்கும் எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளிக்கும், வெள்ளைக் கோலமெல்லாம் நெய் நிறமாகும். ஸ்ப்ரே வகை சுலபம். 25-30 செ.மீ. தள்ளிப் பிடித்து, பானைக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்கிற மாதிரி வீசவேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் வழியும். திறந்த வெளியில், மாஸ்க் போட்டுக்கொண்டு. மழை நாளில் ஸ்ப்ரே அடிக்கவே வேண்டாம், காற்றின் ஈரம் பட்டு வெள்ளையாகப் பூத்துவிடும். பளபளப்பா, பளபளக்காத மேட்டா என்றால், பிரஷ் தடமும் தேய்ப்புக் குறையும் தெரியாமல் மறைப்பது மேட். வார்லிக்கும் கோலத்துக்கும் மேட்டே பாந்தம்.

வார்னிஷ் அடித்த பானைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். தொட்டால் காய்ந்திருந்தாலும், முழு இறுக்கம் வர இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். வெக்கையில் ஒன்றோடொன்று ஒட்டி, பிரிக்கும்போது இரண்டிலும் தோல் போகும்.

தீட்டக் கூடாத பானைகள்

குடிதண்ணீர்ப் பானை. அதன் குளிர்ச்சியே சுவரில் கசிந்து ஆவியாகும் நீரால்தான். வெளிப்புறம் முழுக்கத் தீட்டினால் துளைகள் அடைபட்டு, பானைத் தண்ணீர் பிளாஸ்டிக் குடத்துத் தண்ணீர் ஆகிவிடும். உட்புறம் தீட்டுவது அதைவிட மோசம். 'நச்சற்றது' என்று புட்டியில் போட்டிருப்பது கையில் பட்டால் கேடில்லை என்பதற்குத்தான், குடிக்கிற நீரில் ஊறலாம் என்பதற்கல்ல. ஆசைக்குக் கழுத்தில் மட்டும் ஒரு பட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பொங்கல் பானை. அக்ரிலிக் தீயில் கருகி நாறும். அடுப்பேறும் பானைக்கு வழக்கப்படி சுண்ணாம்பும் காவியும்தான். சுண்ணாம்பைத் தண்ணீரில் குழைத்துப் பட்டை அடித்து, காய்ந்தபின் காவிப் புள்ளி. கடையில் பளபளக்கும் பெயின்ட் அடித்து விற்கும் பொங்கல் பானைகள் கண்காட்சிக்குச் சரி, அவற்றில் பொங்கல் வைக்கவேண்டாம்.

அகல் விளக்குக்கு வெளிப்புறம் மட்டும். திரி நிற்கும் மூக்கிலிருந்து ஒரு விரற்கடை தள்ளியே நிறுத்தவேண்டும். உள்ளே தீட்டினால் எண்ணெயில் ஊறி உரிந்து மிதக்கும்.

பூந்தொட்டியில்தான் பிரச்சினை சிக்கலானது. செடிக்கு ஊற்றும் நீர் உள்ளிருந்து சுவர் வழியே வெளியே தள்ளும், போகிற வழியில் பெயின்ட் நிற்கும். மேலே எவ்வளவு நல்ல வார்னிஷ் அடித்தாலும் பயனில்லை, தாக்குதல் முதுகுப் பக்கத்திலிருந்து வருகிறது. சில மாதத்தில் அடிப்பாகத்தில் கொப்புளம் தொடங்கும். இதற்கு நல்ல தீர்வு, செடியைப் பிளாஸ்டிக் தொட்டியில் வைத்து அதைத் தீட்டிய பானைக்குள் இறக்குவது. அது முடியாதென்றால் மொட்டைமாடிக்கு அடிக்கும் வாட்டர்ப்ரூஃபிங் பூச்சை உட்புறம் விளிம்புவரை இரண்டு கோட்டு கொடுங்கள், அடித் துளையை மட்டும் விட்டுவிட்டு. கொப்புளம் வருவதைத் தள்ளிப்போடும், அறவே தடுக்காது. முழுக்கத் தீட்டிய தொட்டியில் மண் சீக்கிரம் காயாது என்பதால் தண்ணீர் ஊற்றுவதையும் குறைக்கவேண்டும், இல்லையென்றால் வேர் அழுகும். பழகுகிறவர்கள் விளிம்பிலும் தோளிலும் மட்டும் டிசைன் போட்டு, கீழ்ப்பாதியை வெறும் மண்ணாக விடுவது எல்லாவற்றையும்விட எளிது. பார்க்கவும் நன்றாகவே இருக்கும்.

காபிக் கோப்பை, தட்டு போன்ற பீங்கான் சாமான்கள் வேறு கதை. சாதாரண அக்ரிலிக் வழவழப்பில் ஒட்டாது, நகத்தால் சுரண்டினால் வரும். அதற்கென்று சூட்டில் இறுகும் வண்ணங்கள் உண்டு. பிரெஞ்சு நிறுவனமான பெபியோவின் போர்சலைன் 150 என்றால், 24 மணி நேரம் காயவிட்டு 150 டிகிரியில் 35 நிமிடம் ஓவனில் வைக்கவேண்டும். ஓடிஜி என்கிற மின் ஓவன் இல்லாத வீட்டுக்கு இது தேவையில்லாத செலவு.

உரிந்த பானையை எறியவேண்டியதில்லை. உரிந்த இடத்தின் மேலேயே புதுப் பெயின்ட் அடிப்பதுதான் வீண். தளர்ந்ததை எல்லாம் மொண்ணைக் கத்தியால் எடுத்து, விளிம்புகளை 120 உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்து, இரண்டு நாள் வெயிலில் வைத்து, அந்த இடத்துக்கு மட்டும் பிரைமர் இரண்டு கோட்டு. சரிவாகத் தேய்க்காவிட்டால் பழைய பெயின்ட்டின் ஓரம் புதிய வண்ணத்துக்கு அடியில் தீவு வரைபடம்போல் தெரியும். தீட்டிய பானையில் தூசி படிந்தால் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். சோப்புத் தண்ணீரில் முக்கக்கூடாது. தீட்டாமல் விட்ட உட்புறம் வழியாக நீர் ஏறி, மறுபடி அதே கொப்புளம்தான்.